ஒட்டவைத்த பேச்சு

அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. சண்டை போடுகிறவர்களாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இங்கே அதுவும் கிடையாது. முன்னறையில் அப்பா, பின்பக்கச் சமையலறையில் அம்மா, இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளமான நடை. அந்த நடையில் போய் வந்து தேய்ந்துகொண்டிருந்தவள் அவர்களுடைய ஒரே மகள். "அம்மாகிட்ட கேளு, என் நீலச் சட்டை எங்கன்னு." "அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்லு, கண்ணு இருந்தா." சித்தி ஒரு தடவை வந்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, மகளுக்குத் 'தபால்காரி' என்று பேர் வைத்துவிட்டுப் போனாள். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பேர் பிடித்துப்போயிற்று. பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பேரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, இந்த மாதிரிப் பேர்தான் நிற்கும்.

தபால்காரி வந்த தபாலை அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறவள் இல்லை. "கண்ணு இருந்தா" என்பதை நடையிலேயே வெட்டிப் போட்டுவிட்டு, "அலமாரியில இருக்காம்ப்பா, அம்மா மடிச்சு வச்சிருக்காங்களாம்" என்று அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்பா, "மாத்திரையைப் போட்டுத் தொலைக்கச் சொல்லு, வீடே இருமுது" என்பார். அது சமையலறைக்குப் போய்ச் சேரும்போது, "மாத்திரையை மறந்துடாதேன்னு அப்பா சொன்னார்மா" என்று ஆகியிருக்கும். இரண்டு பேரும் வாயே திறக்காத நாட்களில் தானாகவே ஒன்றை உண்டாக்கிக்கொண்டு போய்க் கொடுத்ததும் உண்டு. பள்ளிக்கூடம் போகும் வயதில் ஆரம்பித்த பழக்கம். இப்படிப்பட்டவள் சினிமா படிக்கப் போய் எடிட்டிங்கில் ஆசைப்பட்டு உட்கார்ந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இரண்டாம் வருஷப் படிப்பு நடந்துகொண்டிருந்தபோது அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். வேறு ஊரில் ஒரு பெண்கள் விடுதியில் மேற்பார்வை வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் அங்கேயே. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"போகப்போறியாம்மா?"

"தெரியல. போனா திரும்பி வர மாட்டேன், அது மட்டும் தெரியும். உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே."

"அவர்கிட்ட ஒரு தடவை நேரா பேசிப் பாரேன்."

"என்னத்தைப் பேச?" என்று அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அந்த மனுஷன் கெட்டவர் இல்லடி. கண்ணில்லாதவர். கண்ணில்லாதவர்கிட்ட எப்படிக் கோவிச்சுக்கிறது? அதனாலதான் இத்தனை நாள் இங்க கிடக்கேன்."

கண்ணில்லாத கதை மகளுக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அத்தை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை பரிமாறிக்கொண்டே, "இவளைக் கட்டிக்கிட்டதிலிருந்து என் தம்பி சிரிப்பையே மறந்துட்டான்" என்றாள். பந்தியே சிரித்தது. அம்மா கையில் எடுத்த சோற்றை வாய்க்கும் கொண்டுபோக முடியாமல், தட்டிலும் போட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "அப்ப என் மூஞ்சியைப் பார்த்தீங்களா?" அப்பா, "இல்லையே, சாப்பிட்டுட்டு இருந்தேன். கவனிக்கல" என்றார். அன்றைக்கு மூடின வாய்தான்.

அப்பா எதையும் கவனிக்காதவர் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜன்னல் திரையை மாற்றினால் அவருக்குத் தெரியாது. மகள் முடியைக் கத்தரித்துக்கொண்டு எதிரே வந்து நின்றால் தெரியாது. அம்மா அந்தக் 'கவனிக்கல'வைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டில் இருந்தாள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவரோடு இருக்க முடியாது; பார்க்காதவரோடு எப்படியோ இருந்துவிடலாம். மகளுக்கு இதெல்லாம் அப்போது புரியவில்லை. அம்மா போய்விடக் கூடாது, அதற்கு முன்னால் இந்த இரண்டு பேரும் ஒரு தடவையாவது நேருக்கு நேர் பேசிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் மண்டையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் எடிட்டிங் மேடம் கண்டினியூட்டி பாடத்தை, ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி குலையாமல் ஒட்டுகிற வித்தையை, எடுத்தார். மேடத்துக்குப் பொறுமை கம்மி, நாக்கு நீளம். இரண்டு மாணவர்களை எதிரெதிரே நாற்காலியில் உட்காரவைத்து, ஒருவர் காலடியிலிருந்து இன்னொருவர் காலடிவரை தரையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.

"இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கேமராவை எங்க வேணா வை. தலைகீழா தொங்கவிட்டாலும் நான் கேக்க மாட்டேன். அந்தப் பக்கம் மட்டும் போகாதே. போகாத வரைக்கும் திரையில ஒருத்தர் வலது பக்கம் பார்ப்பார், இன்னொருத்தர் இடது பக்கம் பார்ப்பார். அப்பத்தான் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறாங்கன்னு ஜனங்க நம்பும். அவங்க நிஜமா பார்த்துக்கணும்னு அவசியமே இல்ல. ஒரே ரூம்ல இருக்க வேண்டாம். ஒரே நாள்ல எடுக்கவும் வேண்டாம். ஒட்டுறது நம்ம வேலை."

மற்றவர்கள் கோட்டைக் குறித்துக்கொண்டார்கள். தபால்காரியின் காதில் விழுந்தது அதற்குப் பிறகு சொன்னதுதான். ஒரே ரூம்ல இருக்க வேண்டாம். ஒரே நாள்ல எடுக்கவும் வேண்டாம்.

பயிற்சி இதுதான்: ஒரு மேசை, இரண்டு பேர், மூன்று நிமிஷப் பேச்சு. நடிகர்கள் கூடாது, வீட்டில் இருக்கிறவர்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் அன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிட்டாள். ஒரு கணவனும் மனைவியும் அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். மனைவிக்கு மஞ்சள் வேண்டும். கணவனுக்கு மஞ்சள் என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. கொஞ்சம் கேலி, கொஞ்சம் சிரிப்பு, கடைசியில் கணவன், "உனக்குப் பிடிச்சா சரி" என்கிறான். உலகத்தில் எத்தனையோ வீடுகளில் அன்றாடம் நடக்கிற விஷயம். அவள் அதைக் கற்பனை செய்து எழுத வேண்டியிருந்தது.

நடிக்க வைப்பதில் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. பழகின தொழில்தானே. அப்பாவிடம், "அம்மா ஒத்துக்கிட்டாங்கப்பா, நீங்க நடிச்சா நல்லா இருக்கும்னு அவங்கதான் சொன்னாங்க" என்றாள். அம்மாவிடம், "அப்பா தானா வந்து கேட்டார்மா, உங்கம்மா நடிக்கிறாளான்னு" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக, "அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டார்கள். கேட்ட விதத்தில் இருந்த ஆவலைப் பார்த்து அவளே கொஞ்சம் தயங்கினாள். ஆனால் நல்லதுக்குச் சொல்கிற பொய்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். நல்லதுக்குச் சொல்கிறோம் என்று நினைப்பவர்கள்தான் கூசாமல் பொய் சொல்வார்கள்.

சனிக்கிழமை அப்பாவை எடுத்தார்கள். கேமரா அவளுடைய வகுப்புத் தோழன்; காலும் கையும் குச்சி குச்சியாக நீண்டு, எங்கே நிறுத்தினாலும் ஆடாமல் நிற்பதால் கல்லூரியில் அவனுக்கு 'முக்காலி' என்று பேர். அம்மா உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் கேமராவை வைத்து, லென்ஸுக்கு ஒட்டினாற்போலத் தரை துடைக்கிற மாப்பைத் தலைகீழாக நிறுத்தி, அம்மாவின் கண் இருக்க வேண்டிய உயரத்தில் கம்பில் ஒரு பச்சை டேப்பை ஒட்டினார்கள்.

"இது யாரு?" என்றார் அப்பா.

"உங்க மனைவி, சார்" என்றான் முக்காலி.

"முன்னைக்கு இப்ப இளைச்சிருக்கா" என்றார் அப்பா. மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா ஜோக் அடித்து அவள் கேட்டதே இல்லை.

முதல் டேக்கில் அவர் பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி ஒப்பித்தார். அடுத்ததிலும் அதே கதை. அதற்கடுத்த டேக்கில் என்ன ஆயிற்றோ, பச்சை டேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் குரல் இறங்கி, "உனக்குப் பிடிச்சா சரி" என்றார். பொய் இல்லாத குரல். மகள் 'கட்' சொல்ல மறந்து நின்றாள். அப்பா எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே, "அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று முன்னறைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா. அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போன நேரமாகப் பார்த்து வைத்தார்கள். அம்மா தலைவாரி, பவுடர் போட்டு, பெட்டியின் அடியில் கிடந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முக்காலி கேமராவை முந்தின நாள் போலவே மேசையின் ஜன்னல் பக்கத்தில் வைத்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அம்மா திரும்பிப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"இந்தச் சுவரா தெரியும்?"

"ஆமாம்மா."

"ஈரம் ஊறிக் கறுத்துக் கிடக்கு. ஊரே பார்க்கணுமா இதை? கேமராவை அந்தப் பக்கம் கொண்டுபோங்க. அங்கருந்து எடுத்தா வெள்ளைச் சுவர் வரும்."

கேமரா மேசையைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போயிற்று. மாப்பும் கூடவே போயிற்று. கோட்டைக் கரைத்துக் குடித்திருந்த இரண்டு பேரும் வெளிச்சத்தைப் பார்த்தார்கள், நாற்காலியைப் பார்த்தார்கள், சுவர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அம்மா ஒரே டேக்கில் பிய்த்து உதறினாள். மஞ்சள் ஏன் வேண்டும் என்று மாப்புக்குப் புரியவைத்தாள், மாப்பைக் கேலி செய்தாள், மாப்பு "உனக்குப் பிடிச்சா சரி" என்று சொன்னதாக வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து சிரித்தாள். முக்காலி, "சூப்பர் ஆன்ட்டி" என்று கைதட்டினான்.

கல்லூரியில் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து இரண்டையும் ஒட்டிப் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. திரையில் அப்பா வலது பக்கம் பார்த்துப் பேசினார். அம்மாவும் வலது பக்கம் பார்த்துத்தான் பதில் சொன்னாள். பஸ்ஸில் முன்சீட்டிலும் பின்சீட்டிலும் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருந்தது. பின்னால் வந்து நின்ற மேடம் ஒரே தடவைதான் பார்த்தார்.

"இவங்க ரெண்டு பேரும் பேசிக்கல. மூணாவதா யாரோ ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான், அவன்கிட்டதான் ரெண்டு பேரும் பேசறாங்க. திருப்பி எடு."

அவளுக்குச் சுருக்கென்றது. மூன்றாவது ஆள் யார் என்று மேடத்துக்கு எப்படித் தெரியும்?

திருப்பி எடுக்க அம்மா மசியவில்லை. "போடி. ஒரு தடவை கம்புகிட்ட கொஞ்சினதே போதும். உங்கப்பா எதிர்ல உட்கார்ந்து பேசட்டும், நூறு தடவை நடிக்கிறேன்." அப்பாவிடம் இதை எப்படித் திருத்தி எடுத்துப் போவது என்று அவளுக்கு வழி தெரியவில்லை. மாதமும் முடிந்துகொண்டிருந்தது.

முக்காலிதான் வழி சொன்னான். "அம்மா ஷாட்டை மட்டும் கண்ணாடி மாதிரி இடம் வலமா திருப்பிடு. ஒரு பட்டன்தான். பின்னால வெறும் வெள்ளைச் சுவர், எழுத்து கிழுத்து ஒண்ணும் இல்ல. யாருக்குத் தெரியப்போகுது?"

"அம்மா கன்னத்து மச்சம் இடம் மாறிடும்டா."

"அவங்களைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது தெரியும்."

யாருக்குத் தெரியும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியாது. அம்மா தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவள், திருப்பின முகம்தான் அவளுக்குச் சரியான முகம். மேடத்துக்குத் தெரிய நியாயமில்லை. மிச்சம் இருப்பவர் அப்பா. அப்பாவா? வீட்டுக் கதவையே பேர்த்து மறுபக்கம் மாட்டினாலும் கண்டுகொள்ளாதவர். அவள் பட்டனை அழுத்தினாள். அம்மா திரையில் இடது பக்கம் திரும்பினாள். அடுத்த நொடி அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறிவு வந்த நாளிலிருந்து அவள் பார்க்காத காட்சி. எடிட்டிங் அறையில் யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, அம்மா சிரித்துத் தலை குனிகிற இடத்தில் வெட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

மேடம் முழுசாகப் பார்த்தார். "சுத்தமா இருக்கு. உங்க அப்பா அம்மா ரொம்ப அன்யோன்யமோ?"

"ஆமாம் மேடம்."

வகுப்பில் அவளுக்குத்தான் முதல் இடம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்னறை டிவியில் படத்தைப் போட்டாள். அப்பா தன் நாற்காலியில். அம்மா உள்ளே வரவில்லை. நடை முடிகிற இடத்தில் கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, கையில் ஒரு துணியோடு, ஏதோ போகிற போக்கில் நின்ற மாதிரி நின்றாள். மகள் டிவியைப் பார்க்கவே இல்லை. இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண்.

திரையில் கணவன் ஆஸ்பத்திரி என்றபோது நிலையில் சாய்ந்திருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. துணியால் வாயை மறைத்துக்கொண்டாள். மனைவி கேலி செய்தபோது அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்குப் பிடிச்சா சரி" வந்தது. அம்மா தோளை நிலையிலிருந்து எடுத்து, ஒரு காலை அறைக்குள் வைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே மகள் நினைத்தாள். பாவம், அவளுக்கு என்ன வயசு.

படம் முடிந்தது. அப்பா மகளைப் பார்த்து, "நல்லாத்தான் எடுத்திருக்க. உங்கம்மா மூஞ்சியை ஏன் திருப்பி வச்சிருக்க?" என்றார்.

"என்னப்பா?"

"மச்சம் இடது கன்னத்துல இருக்கணும். புருவத்துத் தழும்பும் அந்தப் பக்கம்தான், பழைய வீட்ல அலமாரிக் கதவு இடிச்சது. சிரிச்சா இடது ஓரம்தான் முதல்ல மேல போகும், அப்புறம்தான் மறுபக்கம். இங்க எல்லாம் மாறிக் கிடக்கு. அவ மாதிரி இருக்கா, ஆனா அவ இல்ல."

மகளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அப்பா பார்த்திருக்கிறார்! இத்தனை காலமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! இதில் அவள் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை, அம்மாவே தன் காதால் கேட்டுவிட்டாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று திரும்பினாள்.

அம்மாவின் முகம் அவள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. அறைக்குள் வைத்த கால் நிலைக்கு அப்பால் போயிருந்தது.

"கேளுடி அவரை" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "இவ்வளவு நல்லாத் தெரியிற கண்ணுக்கு, அன்னைக்கு அவங்க அக்கா வீட்ல என் மூஞ்சி எப்படி இருந்துதுன்னு கேளு."

"அம்மா, விடும்மா."

"கேளு."

அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பா கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். கவனிக்கல என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருப்பாளோ என்னவோ. நல்ல மனுஷன், அந்த நேரம் பார்த்து உண்மையைச் சொன்னார்.

"பார்த்தேன்."

அம்மா தலையை ஆட்டினாள். கடைக்காரர் சொன்ன விலைக்குச் சம்மதிக்கிற மாதிரி ஒரு தலையாட்டல். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சாயங்காலமே விடுதிக்காரர்களைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மகள் கெஞ்சினாள், கோபித்தாள், சாப்பிடாமல் படுத்தாள். "அவர் உன்னை அவ்வளவு கவனிச்சிருக்கார், அதுகூடவா உனக்குப் பெருசில்ல?" என்று கேட்டாள்.

"தெரியாம மிதிச்சவனை மன்னிச்சிடலாம்டி" என்றாள் அம்மா. பெட்டியில் துணி அடுக்குவதை நிறுத்தவில்லை. "நீ அந்தப் படத்தை எடுக்காம இருந்திருந்தா, நான் தெரியாமதான் மிதிச்சார்னு நினைச்சுட்டு இங்கேயே செத்திருப்பேன். உன்மேல கோவம் இல்ல. ஆனா நல்லது பண்ணிட்டேன்னு நினைச்சுக்காதே."

கிளம்புகிற காலையில் வாசலில் கார் வந்து நின்றது. பெட்டிகளை டிரைவர் எடுத்துப் போனார். அம்மா வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வார் அறுந்த செருப்பு இல்லை, புதுச் செருப்புதான். இருந்தாலும் குனிந்து நெடுநேரம் மாட்டினாள். முன்னறையில் அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க வாயேன்" என்று மகளைக் கூப்பிட்டார். "உங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. ஓடி ஓடித் தேய்ந்த கால், பொய் சொல்லிச் சொல்லிப் புளித்த வாய், எல்லாம் சேர்ந்துகொண்டது.

"நீங்களே சொல்லுங்கப்பா. அதோ நிக்கறாங்க. கையை நீட்டினா எட்டும்."

அப்பா பேப்பருக்கு மேலாக வாசலைப் பார்த்தார். அம்மா நிமிர்ந்தாள். திரும்பவில்லை, ஆனால் போகவும் இல்லை. கையை நிலையில் வைத்துக்கொண்டு நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பாவின் உதடு ஒரு தடவை பிரிந்தது, பிறகு அவர் பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கத்தை எடுத்தார். அம்மா படியிறங்கிப் போய்க் காரில் ஏறினாள்.

கார் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்ட பிறகு அப்பா பேப்பரை மடித்தார்.

"போகாதேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார். "நீ போய்ச் சொல்லியிருந்தா நின்னிருப்பா."

மகளுக்கு முதலில் அவர் சொன்னது விளங்கவில்லை. விளங்கியதும் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவு கோபத்திலும் கை தானாகப் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டது.

"அம்மா, காரைத் திருப்பச் சொல்லும்மா. அப்பா போகாதேன்னு சொன்னார். இப்பத்தான் சொன்னார்."

அந்தப் பக்கம் கார் ஓடுகிற இரைச்சல். பிறகு அம்மா சிரித்தாள்.

"இதுவும் நீ ஒட்டினதாடி?"

"ஐயோ, இல்லம்மா. சத்தியமா அவர்தான் சொன்னார்."

"அவர் சொன்னதா நீ வந்து சொன்னதெல்லாம் எத்தனை இருக்கு இத்தனை வருஷத்துல. அதுல எது அவர் சொன்னது? மாத்திரை போடச் சொன்னது, நடிக்கிறியான்னு கேட்டது, எதுடி அவருது?"

ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்று அவள் தேடினாள். வெட்டாத, கூட்டாத ஒரு வார்த்தை அகப்படவில்லை. போனை அப்பாவின் முன்னால் நீட்டினாள்.

"பேசுங்கப்பா. நீங்க பேசினாத்தான் நம்புவாங்க. ஒரு வார்த்தை போதும்."

போனுக்குள் அம்மா, "ஹலோ?" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, "ஹலோ?" என்றாள். அவள் காத்திருக்கிறாள் என்று மகளுக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், அவர்தான் எல்லாவற்றையும் கவனிக்கிறவராயிற்றே. அவர் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீயே சொல்லிடும்மா" என்றார்.